திருட்டுக் கும்பலைப் பத்துப் பாகம் ஓட்டியவர்: லூயி ஃபொயாட் பற்றிக் கேட்டவை

பிரெஞ்சு மௌனப்பட இயக்குநர் லூயி ஃபொயாட் பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும்.

கே: சினிமாவுக்கு முன் என்ன செய்தார்?

ப: தென் பிரான்ஸின் லூனெலில் 1873-ல் பிறந்தவர். குடும்பத்துக்குத் திராட்சை மது வியாபாரம். 1898-ல் பாரிஸ் வந்து பத்திரிகைகளில் எழுதினார். 1905 கடைசியில் கோமோன் படக் கம்பெனிக்குக் கதை விற்கப் போனபோது அவரைச் சேர்த்துக்கொண்டவர், அங்கே படத் தயாரிப்பைக் கவனித்துவந்த பெண் இயக்குநர் அலிஸ் கீ. 1907-ல் அலிஸ் அமெரிக்கா போக, அந்தப் பொறுப்பு இவர் கைக்கு வந்தது.

கே: 600 படத்துக்கு மேல் எடுத்தாராமே, நம்பலாமா?

ப: தாராளமாக. பெரும்பாலும் சில நிமிடக் குறும்படங்கள்தான்.

கே: அவருடைய பத்துப் பாகத் தொடர்படம் 'லே வாம்பீர்' ரத்தக்காட்டேரிக் கதையா?

ப: இல்லை, அது ஒரு கொள்ளைக் கும்பலின் பெயர். முகமூடிக் குற்றவாளி ஃபான்தோமாஸை வைத்து 1913, 14-ல் ஐந்து படம் எடுத்து ஜெயித்திருந்தார். அப்புறம் முதல் உலகப் போர் வந்தது. போட்டிக் கம்பெனி பாத்தே, பேர்ல் ஒயிட் நடித்த அமெரிக்க சீரியலை இறக்கப்போகிறது என்று தெரிந்ததும், கோமோனுக்காக 1915-ல் அவசரமாகத் தொடங்கியதுதான் இது. முழுக் கதையும் எழுதிக் கையில் இல்லை. போகிற போக்கில் சேர்த்ததே அதிகம். நடிகர்கள் ராணுவத்துக்குப் போய்க்கொண்டிருந்த நேரம். கும்பலின் தலைவன் செத்தால் அடுத்தவன் வருகிறான், அவனும் செத்தால் இன்னொருவன்! ஒரு பாகம் கால் மணி நேரம், இன்னொன்று ஏறக்குறைய ஒரு மணி நேரம். பத்தும் சேர்ந்து ஏழு மணி நேரத்தைத் தொடும். ஆனால் நிஜ பாரிஸ் தெருக்களிலும் கூரைகளிலும் கேமராவை அசைக்காமல் எடுத்ததால், நம்பவே முடியாத சம்பவம்கூடப் பக்கத்துத் தெருவில் நடப்பது போலத் தெரிகிறது. குற்றத்தைக் கொண்டாடுகிறது என்று போலீஸ் சில காலம் தடை போட்டது. கும்பலைச் சேர்ந்தவளாக நடித்த நடிகை முசிதோரா கறுப்பு உடையில் வந்து நின்றால் யாருக்குத்தான் போலீஸ் பக்கம் சாயத் தோன்றும்?

கே: அதனால்தான் பிறகு எடுத்த 'ஜூடெக்ஸ்' தொடரின் நாயகன் நல்லவனா?

ப: அந்தக் கண்டனமும் ஒரு காரணம். 1917-ல் 12 பாகமாக வந்தது. அங்கி போர்த்திய நாயகன், நியாயத்துக்காகப் பழிவாங்குகிறான். நல்ல படம்தான், எனக்குக் கொஞ்சம் சாதுவாகப் படும். அதிலும் முசிதோரா வில்லிதான், நல்லவேளை.

கே: அப்போதே மதித்தார்களா?

ப: ஜனங்கள் ரசித்தார்கள், மேட்டுக்குடி விமர்சகர்கள் முகம் சுளித்தார்கள். ஆந்த்ரே பிரெத்தோன், லூயி அரகோன் போன்ற சர்ரியலிஸ்டுகள், அதாவது கனவையும் ஆழ்மனதையும் கலையாக்கிய எழுத்தாளர்கள், கொண்டாடினார்கள். 1925-ல் நீஸில் இறந்தார், 52 வயது.

கே: எதிலிருந்து பார்க்கலாம்?

ப: 'ஃபான்தோமாஸ்' முதல் படம், ஒரு மணி நேரத்துக்குள் முடியும். பிடித்தால் 'லே வாம்பீர்'. முசிதோரா மூன்றாம் பாகத்தில்தான் வருவார், அதுவரை பொறுங்கள்.