7 நிமிடத்தில் ரயில் மாறலாமா?

ஐரோப்பாவுக்குள் நாடு விட்டு நாடு ரயிலில் போவது பற்றிக் கேளுங்கள் என்றேன். விசா பற்றிக் கேட்க வேண்டாம் என்றும் சொன்னேன். பாதிப் பேர் விசாதான் கேட்டிருக்கிறீர்கள். அவற்றை ஒதுக்கிவிட்டேன்.

"யூரோஸ்டாரில் லண்டனிலிருந்து பாரிஸ், அங்கிருந்து மிலான். நடுவில் 55 நிமிடம். போதுமா அக்கா?"

நான் என்றால் துணியமாட்டேன். பாரிஸில் யூரோஸ்டார் வந்து நிற்பது கார் து நோர் நிலையத்தில், மிலான் ரயில் கிளம்புவது கார் து லியோன் என்ற வேறு நிலையத்தில். ஆர்.இ.ஆர். டி என்ற பாரிஸ் புறநகர் ரயில் பாதையில் இரண்டே நிறுத்தம்தான். ஆனால் யூரோஸ்டாரின் நீளம் 400 மீட்டர். வால் பெட்டியில் இருந்தால் நடைமேடையைக் கடக்கவே நேரம் பிடிக்கும். அப்புறம் டிக்கெட் மெஷின் வரிசை, பெட்டியைத் தூக்கிக்கொண்டு படிகள். பிரெஞ்சு அதிவேக ரயிலான டி.ஜி.வி.யோ புறப்பட 2 நிமிடம் இருக்கும்போதே கதவை மூடிவிடும். பிரான்ஸுக்குள் நுழைவதற்கான பாஸ்போர்ட் சோதனை லண்டனிலேயே முடிந்துவிடுவது ஒன்றுதான் ஆறுதல். ஒன்றரை மணி நேரம் வையுங்கள்.

"கார் து நோரில் 2 மணி நேரம் இருக்கிறது. லா சப்பலில் தோசை சாப்பிட்டு வரலாமா?"

தமிழ்க் கடைகள் நிறைந்த அந்தப் பகுதி நிலையத்துக்குப் பின்னால்தானே, நடந்தே போகலாம். லண்டன் திரும்பும் ரயில் என்றால் மட்டும் பொட்டலம் கட்டிக்கொள்ளுங்கள். பாஸ்போர்ட், பைச் சோதனை எல்லாம் ஏறும் முன்பே நடக்கும்.

"ஜெர்மனியில், கொலோனில் ரயில் மாற 8 நிமிடம். ஆப் 'முடியும்' என்கிறது."

ஒரே டிக்கெட்டா, இரண்டா? முதலில் அதைச் சொல்லுங்கள். ஒரே பயண டிக்கெட் என்றால், முதல் ரயில் தாமதித்து இணைப்பு தப்பினாலும் உங்களைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது ரயில்வேயின் பொறுப்பு. போய்ச்சேர 60 நிமிடம் தாமதமானால் 25 சதவீதமும், 120 நிமிடத்தைத் தாண்டினால் 50 சதவீதமும் திரும்பக் கேட்கலாம். ஐரோப்பிய ஒன்றிய விதி அது. தனித்தனியாக வாங்கியிருந்தால் இரண்டாவது டிக்கெட் பெரும்பாலும் போனதுதான்.

2024இல் ஜெர்மன் ரயில்வேயின் நெடுந்தூர வண்டிகளில் 62.5 சதவீதம்தான் நேரத்துக்கு வந்தன. 6 நிமிடத்துக்குள் வந்தால் அது தாமதமே இல்லை என்று வைத்துக்கொண்டுதான் அந்தக் கணக்கும்!

இப்படி ஒரு 6 நிமிட இணைப்பை நம்பி நானும் ஓடியிருக்கிறேன். ரயில் கண்ணெதிரே நிற்கிறது. கதவுப் பொத்தானில் பச்சை விளக்கு அணைந்துவிட்டது. அழுத்தினேன், மறுபடி அழுத்தினேன், திறக்கவில்லை. உள்ளேயிருந்து ஒரு குழந்தை எனக்கு டாட்டா காட்டியது.

"பிராங்க்பர்ட்டில் 9 நிமிடம்?" மேலே பாருங்கள்.

"மான்ஹைமில் 5?" ஒரே டிக்கெட்டா?

"பல நாட்டு ரயில்களுக்கும் செல்லும் யூரெயில் பாஸ் இருந்தால் டி.ஜி.வி.யில் நேரே ஏறலாமா?" முடியாது. இருக்கைக்குத் தனியாக முன்பதிவு வேண்டும்.

"ஃப்ரைபுர்க்கிலிருந்து சூரிச். பாசல் பாடிஷர் நிலையத்தில் 7 நிமிடத்தில் மாறலாமா? சுவிஸ் எல்லைக்கு முன்பே மாறிவிடலாம் என்று பார்க்கிறேன்."

அந்த நிலையமே சுவிஸ் மண்ணில்தான் இருக்கிறது.

இதற்கு ஒரு தம்பி சண்டைக்கே வந்துவிட்டார்: "தப்பு அக்கா. என் டாய்ச்லாண்ட் டிக்கெட் (ஜெர்மனியின் மாதாந்திர டிக்கெட்) அங்கே வரை செல்லுகிறது. அது ஜெர்மனிதான்."

டிக்கெட் செல்லும் தம்பி, ஆனால் நிலம் சுவிஸ். 1852இல் பாடன் என்ற அன்றைய ஜெர்மன் அரசும் சுவிஸும் போட்ட ஒப்பந்தப்படி பாடன் ரயில் பாதை சுவிஸ் மண்ணுக்குள் வந்தது. இன்றும் அந்த நிலையத்தை நடத்துவது ஜெர்மன் ரயில்வே. கட்டண எல்லை ஓரிடம், நாட்டு எல்லை இன்னோரிடம்.

"அப்படியென்றால் நிலையத்துக்குள் சுங்கப் பலகை எதற்கு?"

நடைமேடையிலிருந்து ஊருக்குள் போகும் வழியில் இருப்பதைத்தானே சொல்கிறீர்கள்? சுங்கக் கணக்குக்கு நடைமேடைகள் ஜெர்மனியோடு சேர்த்தி. அதற்காக நிலம் கைமாறிவிடாது.

இதற்குள் இன்னும் நாலு பேர் சேர்ந்துகொண்டார்கள். ஒருவர் வரைபடம் போட்டார். இன்னொருவர் கச்சத்தீவை இழுத்தார். அதை நீக்கிவிட்டேன்.

"அக்கா, என் 7 நிமிடம்…"

மன்னியுங்கள், மறந்தே போனேன். அங்கே இறங்க வேண்டாம். உங்கள் ஐ.சி.இ. (ஜெர்மன் அதிவேக ரயில்) அடுத்து பாசல் எஸ்.பி.பி. என்ற சுவிஸ் ரயில்வே நிலையத்திலும் நிற்கும். சூரிச்சுக்கு அங்கிருந்து அடிக்கடி ரயில் உண்டு, ஒரு மணி நேரப் பயணம்தான். ஒன்று போனால் அடுத்ததில் ஏறுங்கள். ஆமாம், ஒரே டிக்கெட்தானே?