தொடர்நோய், என்.எச்.ஐ. – கடிதம்

அன்புள்ள அண்ணா,

சென்ற மாதம் கோயில் மண்டபத்தில் நடந்த சர்க்கரை, சிறுநீரக நோயாளிகள் சந்திப்பில் எல்லோருக்கும் ஒரே பொது மருத்துவ நிதி என்கிற என்.எச்.ஐ. சட்டத்தை நீங்கள் ஆதரித்துப் பேசினீர்கள். அன்று எழுந்து பதில் சொல்ல எனக்குத் துணிவு வரவில்லை. என் கணவருக்கு வாரம் மூன்று முறை டயாலிசிஸ். தனியார் நிலையத்தில்தான் நடக்கிறது, செலவை மெடிக்கல் எய்ட், அதாவது நாங்கள் சந்தா கட்டும் தனியார் மருத்துவக் காப்பீடு, ஏற்கிறது. என் சம்பளத்தில் பெரும்பகுதி அந்தச் சந்தாவுக்கே போய்விடுகிறது. நகை வாங்குவதில்லை, ஊர்ப்பயணம் இல்லை, சந்தா மட்டும் ஒரு மாதம்கூடத் தவறியதில்லை.

அன்று ஒரு பெரியம்மா, "கையில் மெடிக்கல் எய்ட் கார்டு இருக்கிறவங்களுக்கு எங்க கஷ்டம் எங்கே தெரியும்" என்று சொன்னார். அது மனதில் தைத்துக்கொண்டே இருக்கிறது. நான் சுயநலத்தால் எதிர்க்கவில்லை. எஸிடிமெனி மனநல விடுதிகளிலிருந்து வெளியேற்றி 144 மனநோயாளிகளைச் சாகவிட்டவர்களிடம், டெம்பிசா அரசு மருத்துவமனையைச் சூறையாடியவர்களிடம் என் கணவரின் உயிரை எப்படி ஒப்படைப்பது? நான் பயப்படுவது தவறா? மெடிக்கல் எய்டையே மூடப்போகிறார்கள், இப்போதே நிறுத்திவிட்டுப் பணத்தைச் சேமி என்று அலுவலகத்தில் சொல்கிறார்கள். நிறுத்திவிடலாமா?

ஒரு வாசகி
சாட்ஸ்வொர்த், டர்பன்

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள சகோதரி,

உங்கள் பயம் தவறில்லை. அந்தப் பெரியம்மாவின் கோபமும் தவறில்லை. இருளோடு எழுந்து போய் அரசு மருத்துவமனை வரிசையில் உட்கார்ந்து, மாத்திரை வாங்கிக்கொண்டு மதியம் தாண்டி வீடு திரும்புகிறவர் அவர். 'உனக்கு இனி இல்லை' என்று ஒருநாள் யாராவது சொல்லிவிடுவார்களோ என்ற பயம்தான் உங்கள் இருவருக்கும். அவர் அதைப் பலமுறை கேட்டுவிட்டார். உங்களுக்கும் கேட்காமல் இருக்கவேண்டும் என்பதற்காகவே சந்தா கட்டுகிறீர்கள்.

வெளிநாட்டு வாசகர்களுக்காகச் சுருக்கமாக: தென்னாப்பிரிக்காவில் நூற்றுக்குப் பதினைந்து பேரிடம்தான் மெடிக்கல் எய்ட் இருக்கிறது. நாட்டின் மொத்த மருத்துவச் செலவில் ஏறக்குறையப் பாதி அவர்களுக்காகச் செலவாகிறது. மீதிப் பாதியில் மற்ற எல்லோரும். இந்த இரண்டையும் ஒரே பொது நிதியாக்கி, அரசு, தனியார் இரு தரப்பிடமிருந்தும் அந்த நிதியே சிகிச்சையை வாங்கித் தரவேண்டும் என்பதுதான் தேசிய மருத்துவக் காப்பீட்டுச் சட்டம், அதாவது என்.எச்.ஐ. 2024 மே 15 அன்று அதிபர் ரமபோசா அதில் கையெழுத்திட்டார். தேர்தலுக்கு அப்போது இரண்டு வாரம். அந்தச் சட்டத்துக்கு எதிராக மருத்துவர் சங்கம் உட்படப் பல தரப்பினர் வழக்குத் தொடர்ந்தார்கள். எல்லோரையும் பயமுறுத்தியது அதன் 33ஆவது பிரிவு. திட்டம் முழுமையாக நடைமுறைக்கு வந்துவிட்டது என்று அமைச்சர் அறிவித்த பிறகு, பொது நிதி தராத சிகிச்சைகளுக்கு மட்டுமே மெடிக்கல் எய்ட் காப்பீடு தர முடியும் என்கிறது அது.

நான் இந்தச் சட்டத்தின் நோக்கத்தை ஆதரிக்கிறேன். காரணம், தியாகராஜ் சூப்ரமணி.

இளையவர்களுக்கு அந்தப் பெயர் தெரியாமல் இருக்கலாம். டர்பன்காரர், வயது 41, வேலையில்லாதவர். சர்க்கரை, இதய நோய், பக்கவாதம், கடைசியில் இரண்டு சிறுநீரகமும் செயலிழந்த நிலை. கையில் பணம் இருந்தவரை தனியார் டயாலிசிஸ் செய்துகொண்டார். பணம் தீர்ந்ததும் கடற்கரையோரத்து ஆடிங்டன் மருத்துவமனைக்குப் போனார். அங்கே இருந்தது 20 இயந்திரங்கள், அவற்றிலும் சில பழுது. வருகிறவர்களில் நூற்றுக்கு 30 பேருக்குத்தான் இடம் தரமுடியும் என்ற நிலை. அதனால் ஒரு விதி வைத்திருந்தார்கள்: மாற்றுச் சிறுநீரகம் பொருத்தத் தகுதியுள்ளவருக்கே தொடர் டயாலிசிஸ். இதய நோய் இருந்ததால் அவர் அந்தத் தகுதியைப் பெறவில்லை.

அவர் அரசியல் சாசன நீதிமன்றம் வரை போனார். அவசர சிகிச்சையை யாருக்கும் மறுக்கக்கூடாது என்று சாசனத்தின் 27ஆவது பிரிவு சொல்கிறதே, நான் சாகக் கிடக்கிறேன், இதைவிட அவசரம் உண்டா என்பது அவர் வாதம். 1997 நவம்பர் 27 அன்று தீர்ப்பு வந்தது. திடீர் விபத்து போன்றவைதான் அவசரம்; வாரம் மூன்று முறை, வாழ்நாள் முழுவதும் தேவைப்படுவது தொடர்நோய்க்கான சிகிச்சை; அது 'இருக்கும் வளத்துக்குள்' தரப்படவேண்டிய உரிமை; வளம் இல்லை. மனு தள்ளுபடி. சில நாட்களில் அவர் இறந்துபோனார்.

அந்த நீதிபதிகளை நான் குறை சொல்லமாட்டேன். இவருக்கு ஒரு இயந்திரத்தைக் கொடுத்தால் அதே வரிசையில் வேறொருவரிடமிருந்து பிடுங்கவேண்டும், அது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. ஆனால் நம் போன்ற நோயாளிகள் அந்தத் தீர்ப்பிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று இருக்கிறது. தொடர்நோயாளிக்குச் சாசனம் தருவது வளம் இருந்தால் கிடைக்கும் உரிமை. அந்த வளம் இரண்டு பெட்டிகளில் பிரிந்து கிடக்கும்வரை, பணம் தீர்ந்தவர் ஒரு பெட்டியிலிருந்து விழுந்து மற்றதன் வாசலில் நிற்கவேண்டும். உங்கள் வேலைக்கு ஏதாவது நேர்ந்தால் நாளைக்கே உங்கள் கணவர் நிற்கப்போவதும் அந்த வாசலில்தான். இதை உங்களைப் பயமுறுத்த எழுதவில்லை. உங்களுக்கும் அந்தப் பெரியம்மாவுக்கும் நடுவில் இருப்பது ஒரு மாதச் சம்பளம்தான் என்பதைச் சொல்லவே எழுதுகிறேன்.

ஆனால் நோக்கத்தை ஆதரிப்பதால் சட்டத்தில் உள்ள ஓட்டையைப் பேசாமல் இருக்க முடியாது. மண்டபத்தில் பேச நேரம் போதவில்லை, இங்கே பேசுகிறேன்.

இப்போது மெடிக்கல் எய்ட் வைத்திருப்பவரைக் காப்பது நிறுவனங்களின் கருணை இல்லை. 1998ஆம் ஆண்டின் மெடிக்கல் ஸ்கீம்ஸ் சட்டம்தான் காக்கிறது. நோயாளி என்பதற்காக யாரையும் சேர்க்க மறுக்கக்கூடாது, நோயைக் காட்டி ஒருவரிடம் அதிகச் சந்தா வாங்கக்கூடாது என்றது அது. அதன் விதிகளில் கட்டாயக் குறைந்தபட்சப் பலன்கள் என்று ஒன்று உண்டு. 26 தொடர்நோய்களின் பட்டியல் அதில் இருக்கிறது. சர்க்கரை, ரத்த அழுத்தம், ஆஸ்துமா, வலிப்பு, தைராய்டு, பார்க்கின்சன், முடக்குவாதம், நாள்பட்ட சிறுநீரக நோய் எல்லாம் பெயர் சொல்லி எழுதப்பட்டிருக்கின்றன. மிகக் குறைந்த சந்தா கட்டுகிறவருக்கும் இவற்றுக்குச் சிகிச்சை தந்தாகவேண்டும். டயாலிசிஸுக்கு அதிலும் நிபந்தனைகள் உண்டு. இருந்தாலும், மறுத்தால் காட்டிச் சண்டை போட ஒரு காகிதம் நம் கையில் இருக்கிறது.

என்.எச்.ஐ. சட்டத்தை முதலிலிருந்து கடைசிவரை புரட்டிப் பாருங்கள். அப்படி ஒரு பட்டியல் கிடையாது. எந்த நோய்க்கு என்ன சிகிச்சை என்பதை முடிவு செய்ய ஒரு ஆலோசனைக் குழு அமைக்கப்படும் என்று மட்டுமே இருக்கிறது. உறுப்பினர்களை அமைச்சர் நியமிப்பார். நோயாளர் அமைப்புகளுக்கு இடம் உண்டு, ஆனால் அது பங்குதாரர்களுக்கான வேறொரு குழுவில். பட்டியல் போடும் மேசை ஒன்று, நாம் உட்காரும் மேசை வேறொன்று.

நாம் சண்டை போடவேண்டியது இங்கேதான். இப்போதுள்ள 26 நோய்களும் பொது நிதியின் முதல் நாளிலிருந்தே உறுதி என்று சட்டத்திலேயே எழுதவேண்டும். அவற்றை அரசு உண்மையில் தரத் தொடங்காதவரை 33ஆவது பிரிவை நடைமுறைக்குக் கொண்டுவரக்கூடாது. இந்த ஒரு கோரிக்கையில் கார்டு இருப்பவரும் இல்லாதவரும் சேர்ந்து கையெழுத்துப் போடலாம். இல்லாதவருக்கு இது முதன்முறையாகக் கிடைக்கும் உறுதி, இருப்பவருக்குக் கையில் உள்ளதை இழக்காமலிருக்கும் உறுதி.

திருட்டைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். அதற்கு என்னிடம் ஆறுதல் வார்த்தை எதுவும் இல்லை. டெம்பிசாவின் சந்தேகத்துக்குரிய பில்களைக் கண்டுபிடித்துத் தடுக்க முயன்றவர் பபிதா தேவ்கரன். கௌடெங் மாகாணச் சுகாதாரத் துறையின் நிதி அதிகாரி. 2021 ஆகஸ்ட் 23 அன்று வீட்டு வாசலில் சுட்டுக் கொன்றார்கள். சுட்டவர்கள் 2023இல் தண்டனை பெற்றார்கள். ஒரு மருத்துவமனையின் கணக்கைப் பார்த்தவருக்கே இந்தக் கதி என்றால், நாட்டின் முழு மருத்துவப் பணமும் ஒரே நிதிக்குள் வரும்போது அதைக் காக்கப்போவது யார் என்று நீங்கள் கேட்பது நியாயம். ஒவ்வொரு ஒப்பந்தமும், ஒவ்வொரு கொள்முதல் விலையும் பொதுவெளியில் வைக்கப்பட வேண்டும். அதைச் செய்யாமல் எங்கள் நம்பிக்கையைக் கேட்க அரசுக்கு உரிமை இல்லை.

ஒரே நிதியாக வாங்குவதன் பலம், பலவீனம் இரண்டையும் சர்க்கரை நோயாளிகள் ஏற்கனவே பார்த்துவிட்டோம். மொத்தமாகக் கொள்முதல் செய்வதால்தான் அரசு கிளினிக்கில் இன்சுலின் இலவசமாகக் கிடைக்கிறது. ஆனால் 2024இல் நோவோ நோர்டிஸ்க் என்ற மருந்து நிறுவனம் மனித இன்சுலின் பேனாக்களை அரசுக்கு வழங்கும் ஒப்பந்தத்தைத் தொடரவில்லை. பேனாவில் ஊசி போட்டுப் பழகியவர்கள் மறுபடியும் குப்பிக்கும் சிரிஞ்சுக்கும் போனார்கள். பார்வை மங்கிய முதியவர்கள் சிரிஞ்சில் அளவு பார்த்து ஏற்றவேண்டிய நிலை. வாங்குகிறவர் ஒருவரே என்றாலும், விற்கிறவர் கைவிட்டால் என்ன செய்வது என்பதைச் சட்டம் போடுகிறவர்கள் யோசித்திருக்க வேண்டும். இன்சுலின் அளவு தவறினால் என்ன ஆகும் என்பதை எங்களைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்போம்.

கேட்க வைக்க முடியும். சூப்ரமணி தோற்ற அதே நீதிமன்றத்தில், 2002 ஜூலையில் எச்.ஐ.வி.யோடு வாழ்பவர்கள் வென்றார்கள். தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்றாமல் தடுக்கும் நெவிரபின் மருந்தை அரசு மருத்துவமனைகளில் கொடுத்தாகவேண்டும் என்று தீர்ப்பு. அந்த மருந்தை நிறுவனம் இலவசமாகவே தர முன்வந்திருந்தது, வளம் இல்லை என்ற பேச்சுக்கு அங்கே இடமில்லை, அது உண்மை. ஆனால் இன்னொன்றும் உண்மை. சூப்ரமணி தனியாகப் போனார். இவர்கள் ஆயிரக்கணக்கில் தெருவில் நின்றார்கள், மருந்தின் விலையைக் கற்றார்கள், சட்டத்தைக் கற்றார்கள். இன்று உலகிலேயே பெரிய எச்.ஐ.வி. சிகிச்சைத் திட்டம் இந்த நாட்டில்தான் நடக்கிறது. 2014 முதல், கிளினிக் வரிசையில் நிற்காமல் பக்கத்து மருந்துக்கடையில் மாத்திரைப் பொட்டலத்தை வாங்கிக்கொள்ளும் வசதி வந்ததே, அதற்கும் பெரிய உந்துதல் அந்தத் திட்டம். நானும் என் சர்க்கரை மாத்திரையை அப்படித்தான் வாங்குகிறேன். அவர்கள் போராடிப் பெற்றதில் நமக்கும் பங்கு கிடைத்திருக்கிறது. சர்க்கரைக்காரர்கள் இந்த நகரத்தில் எத்தனை குடும்பங்களில் இருக்கிறோம், ஆனால் அப்படி ஒருநாள்கூடச் சேர்ந்து நின்றதில்லை.

கடைசியாக, மெடிக்கல் எய்டை நிறுத்தலாமா என்ற கேள்வி. தயவுசெய்து நிறுத்தாதீர்கள். 33ஆவது பிரிவு நடைமுறைக்கு வரப் பல ஆண்டுகள் ஆகும். இடையில் 90 நாட்களுக்கு மேல் விட்டுவிட்டுத் திரும்பச் சேர்ந்தால், ஏற்கனவே உள்ள நோய்க்கு 12 மாதம் வரை காத்திருக்கச் சொல்லலாம். 35 வயதைத் தாண்டியவர்களுக்குத் தாமதமாகச் சேர்ந்ததற்கான கூடுதல் சந்தாவும் விழக்கூடும். உங்கள் கணவரால் 12 மாதம் காத்திருக்க முடியாது. சந்தா தாங்கவில்லை என்றால், அதே நிறுவனத்தில் குறைந்த சந்தாத் திட்டத்துக்கு ஆண்டு மாறும்போது மாறிக்கொள்ளலாம். மாறும் முன், புதிய திட்டம் எந்த டயாலிசிஸ் நிலையத்தை ஏற்கிறது, கையிலிருந்து எவ்வளவு கட்டவேண்டியிருக்கும் என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், தொலைபேசியில் சொன்னால் போதாது. கட்டாயப் பலனை மறுத்தால், மெடிக்கல் எய்ட் நிறுவனங்களைக் கண்காணிக்கும் மெடிக்கல் ஸ்கீம்ஸ் கவுன்சிலுக்குப் புகார் அனுப்பலாம், அதற்குக் கட்டணம் இல்லை. கடிதம் எழுத உதவி வேண்டுமென்றால் எனக்கு அனுப்புங்கள், சேர்ந்து எழுதுவோம்.

அன்புடன்