கிளாத்தியின் முள்

அன்புள்ள சார்,

எனக்குச் சொந்த ஊர் சேலம். திருமணமாகி தக்கலைக்கு வந்த பிறகுதான் கிளாத்தி என்ற மீனையே பார்த்தேன். போன வாரம் அதைக் கழுவ எடுத்தபோது ஒன்றின் முதுகில் முள் நட்டுக்கொண்டு நின்றது. எவ்வளவு அழுத்தியும் படியவில்லை. பல்லும் செக்கச்செவேலென்று இருந்தது. அத்தை, "பேத்தைக்குச் சொந்தக்காரன்தான், ஆனா தின்னலாம்" என்றார்கள். பேத்தை என்கிற பலூன் மீன் விஷமாயிற்றே? பயந்துபோய் நான் கறியைத் தொடவில்லை. இது என்ன மீன்?

ம., தக்கலை

அன்புள்ள ம.,

கறியைத் தொடாதது உங்கள் நஷ்டம். அத்தை சொன்னது இரண்டுமே சரி. பேத்தை, பெட்டிமீன், ஆழ்கடலில் வண்டிச்சக்கரம் போல மிதக்கும் சூரியமீன் எல்லாம் கிளாத்திக்கு உறவுதான். ஆனால் பேத்தையின் ஈரலிலும் சினையிலும் இருக்கும் விஷம் இதற்கு இல்லை. வேறு கடல்களில் பவளப்பாறையிலேயே மேய்ந்து பருக்கும் சில பெரிய கிளாத்திகளில் பாசி வழியாக ஒரு நஞ்சு ஏறுவதுண்டு. குளச்சலில் குவியும் மீனை நாங்கள் தலைமுறையாகத் தின்றுகொண்டிருக்கிறோம்.

முள்ளுக்கு வருகிறேன். சின்ன வயதில் நானும் அதை அமுக்கி விரலில் குத்துப்பட்டவன். ரத்தத்தைப் பார்த்துச் சிரித்த மீன்காரம்மா சொன்னார்: "மக்கா, பெரிசை விடு. பின்னால நிக்க குட்டியை அமுக்கு." அமுக்கினேன். பெரிய முள் சட்டென்று மடிந்து முதுகுப் பள்ளத்தில் படுத்துக்கொண்டது.

முதல் முள்ளின் அடியில் பின்பக்கமாக ஒரு குழி உண்டு. அது நிமிர்ந்ததும் இரண்டாவது முள் முன்னால் வந்து அந்தக் குழியில் ஆப்பு போலச் செருகிக்கொள்ளும். அதன்பின் நீங்கள் சுத்தியலால் அடித்தாலும் முள் ஒடியுமே தவிர மடியாது. துப்பாக்கி விசை போல இருப்பதால்தான் ஆங்கிலத்தில் இதற்கு 'டிரிகர் ஃபிஷ்' (விசை மீன்) என்று பெயர். பெரிய மீன் துரத்தினால் கிளாத்தி பாறை இடுக்கில் தலையை விட்டு முள்ளை நிறுத்தும்; வயிற்றடி எலும்பையும் கீழே இறக்கும். மேலும் கீழும் முட்டுக்கொடுத்த மாதிரி. வாலைப் பிடித்து இழுத்தாலும் வராது. உங்கள் மீன் அப்படி முள்ளை நிறுத்தியபடியே செத்திருக்கிறது, அவ்வளவுதான்.

இந்தக் குடும்பத்தில் சுமார் 40 இனங்கள், அநேகமாக எல்லாமே வெப்பக்கடல்களில். பலவற்றுக்குத் தொழில், முள் பந்து போலிருக்கும் கடல் முள்ளெலியை உடைப்பது. வாயால் தண்ணீரைப் பீய்ச்சி முள்ளெலியைப் புரட்டிப்போட்டு, முள் குறைந்த அடிப்பக்கத்தைக் கடிக்கும். வாயிலிருந்து கண் அவ்வளவு தூரத்தில், நெற்றிக்குப் பக்கத்தில் இருப்பது ஏன் என்று இப்போது புரியும். அந்தக் கண்கள் இரண்டும் தனித்தனியாகச் சுழலும், ஒன்று முன்னால் பார்க்கும்போதே மற்றது பின்னால் பார்க்கும்.

வேடிக்கை என்னவென்றால், உங்கள் சட்டிக்கு வந்த செம்பல் கிளாத்தி இந்தத் தொழிலையே விட்டுவிட்டது. அது நீரோட்டத்தில் கூட்டமாக நின்று, மிதந்துவரும் பொடி உயிர்களைப் பொறுக்கித் தின்கிறது. கெட்டித் தோல், பூட்டு முள், சிவந்த பல் எல்லாம் அப்படியே இருக்கின்றன. கவசம் மாட்டிக்கொண்டு கஞ்சி குடிக்கிற ஆள். உயிரோடிருக்கும்போது நல்ல நீலம்; கரையில் கிடக்கும் கறுப்பைப் பார்த்துத்தான் லத்தீனில் கறுப்பு என்று பெயர் வைத்துவிட்டார்களோ என்று எனக்குச் சந்தேகம்.

முட்டையிடும்போது மட்டும் இந்தச் சாதுவை நம்பக்கூடாது. மணலில் குழி பறித்து முட்டையிட்டு, பெரும்பாலும் தாய்தான் காவல் நிற்கும், தண்ணீரை ஊதி ஊதி. பல இனங்களில் காலையில் இட்டது அன்றிரவே பொரிந்துவிடும். அந்த ஒரு பகலுக்குள் பக்கத்தில் போனால், குடும்பத்திலேயே முரடான சில இனங்கள் முக்குளிக்கும் ஆளைக்கூடக் கடித்துத் துரத்தும். அதன் எல்லை குழியிலிருந்து மேலே போகப்போக விரியும், கவிழ்த்துவைக்காத புனல் மாதிரி. அதனால் மேலே நீந்தித் தப்ப நினைப்பவர் வசமாக மாட்டுவார், பக்கவாட்டில்தான் விலக வேண்டும்.

அப்புறம், வாங்கும்போது ஒரு விஷயம். மற்ற மீன்களைப் போல இதன் செவுளைத் தூக்கிப் பார்க்க முடியாது. பக்கச் சிறகுக்கு முன்னால் சின்னக் கீறல்தான் இருக்கும். கண்ணைப் பாருங்கள், குழி விழுந்திருந்தால் வேண்டாம். செதிலைச் சுரண்டி நேரத்தை வீணாக்காதீர்கள். தலைக்குப் பின்னால் கீறி, சட்டையைக் கழற்றுவது போலத் தோலை மொத்தமாக உரித்தால் உள்ளே வெள்ளைச் சதை, முள் குறைவு. அத்தையிடம் புளிமுளக் குழம்பு வைக்கச் சொல்லுங்கள். கூடவே அவித்த மரச்சீனிக்கிழங்கு இருக்கட்டும்.