கழுத்துக் குழாயோடு வீடு திரும்பும் அப்பா: சளியை எப்போது உறிஞ்ச வேண்டும்?

கேள்வி: பக்கவாதம் வந்து மயங்கி விழுந்த என் அப்பாவுக்கு (வயது 64) வென்டிலேட்டர் வைத்து, பிறகு டிரக்கியாஸ்டமி (கழுத்தில் துளையிட்டு மூச்சுக்குழாய்க்குள் குழாய் வைப்பது) செய்தார்கள். இப்போது கருவியின் துணையின்றி மூச்சு விடுகிறார். கழுத்துக் குழாயோடு வீட்டுக்கு அழைத்துப் போகச் சொல்கிறார்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை சளியை உறிஞ்ச வேண்டும் என்கிறார் ஒருவர். அடிக்கடி உறிஞ்சினால் புண்ணாகும் என்கிறார் இன்னொருவர். நேற்று சளியில் ரத்தக் கீற்று தெரிந்தது. அப்பா வாயசைக்கிறார், குரல் வரவில்லை. பயமாக இருக்கிறது, டாக்டர்.

பதில்: உங்கள் பயம் நியாயமானது. வீட்டுக்குப் போனபின் அந்தக் குழாய் உங்கள் பொறுப்பில்தான் இருக்கப்போகிறது. ஆனால், கற்றுக்கொள்ள முடியாத வேலை இல்லை இது.

முதலில் சளி. மணி பார்த்து உறிஞ்ச வேண்டாம். குழாயில் கொரகொரவென்று சத்தம் கேட்கிறதா, சளி குழாய் வாயில் வந்து நிற்கிறதா, மூச்சு வேகமாகிறதா, ஆக்ஸிஜன் அளவு இறங்குகிறதா, அப்பா அமைதியிழந்து புரள்கிறாரா என்று பாருங்கள். இவற்றில் ஒன்று இருந்தாலே உறிஞ்ச வேண்டும். அவரே இருமி வெளியே தள்ளிவிட்டால் சுத்தமான துணியால் துடைத்தால் போதும். தேவையில்லாமல் உறிஞ்சும் ஒவ்வொரு முறையும் மூச்சுக்குழாயின் மெல்லிய உட்சவ்வு உரசப்படுகிறது. உரசினால் இன்னும் சளி சுரக்கும். ரத்தக் கீற்று வருவதற்கும் பெரும்பாலும் இதுதான் காரணம்.

உறிஞ்சுகுழலின் தடிமன், கழுத்துக் குழாயின் உள்விட்டத்தில் பாதிக்கு மேல் போகக் கூடாது. உள்விட்டம் 8 மி.மீ. என்றால் 12 எண் குழல் (4 மி.மீ.) சரி. கையைக் கழுவி, கையுறை அணிந்துகொள்ளுங்கள். குழலை உள்ளே விடும்போது உறிஞ்சக் கூடாது. வெளியே இழுக்கும்போது மட்டும் உறிஞ்சுங்கள். உள்ளே போய் வெளியே வர 10 நொடி, மிஞ்சினால் 15 நொடி. கழுத்துக் குழாயின் நீளம் எவ்வளவோ அதைவிட ஒரு சென்டிமீட்டருக்கு மேல் ஆழமாகப் போக வேண்டியதில்லை. அந்த நீளத்தை முன்கூட்டியே அளந்து வைத்துக்கொண்டால் இரவு இரண்டு மணிக்குத் தூக்கக் கலக்கத்திலும் கை தவறாது. இயந்திரத்தின் அழுத்தம் பெரியவர்களுக்குப் பொதுவாக 80 முதல் 120 மி.மீ. பாதரச அளவு. மறுபடி உறிஞ்சும் முன் அவரைச் சில மூச்சுகள் விடச் செய்யுங்கள்.

உறிஞ்சுவதைவிடவும் எனக்கு முக்கியமாகப் படுவது ஈரப்பதம். உள்ளே போகும் காற்றைச் சூடாக்கி, ஈரமாக்கி, வடிகட்டி அனுப்புவது மூக்கின் வேலை. கழுத்தில் குழாய் வைத்த பிறகு மூக்குக்கு அந்த வேலையே இல்லை. வறண்ட காற்று நேராக நுரையீரலுக்கு இறங்குகிறது. சளி கெட்டியாகி, குழாயின் உட்சுவரில் பசைபோல ஒட்டி, அடுக்கடுக்காகக் காய்கிறது. ஒருநாள் குழாய் அடைத்துக்கொள்கிறது. வீட்டில் நடக்கும் ஆபத்துகளில் நான் மிகவும் அஞ்சுவது இதைத்தான். ‘செயற்கை மூக்கு’ என்று ஒரு சிறிய மூடி இருக்கிறது. அதைக் குழாய் வாயில் பொருத்தினால் வெளிமூச்சின் ஈரத்தைப் பிடித்து வைத்து உள்மூச்சுக்குத் திருப்பித் தரும். சளி பட்டு நனைந்தால் உடனே மாற்றுங்கள், இல்லாவிட்டாலும் தினம் ஒன்று. சளி கெட்டியாக இருந்தால் மருத்துவ உப்புநீரை (சலைன்) நெபுலைசரில் கொடுக்கலாமா என்று மருத்துவரைக் கேளுங்கள், அப்போது மூடியைக் கழற்றிவிட வேண்டும். ஒவ்வொரு முறையும் குழாய்க்குள் நேரடியாக உப்புநீரை ஊற்றி உறிஞ்சும் பழக்கம் வேண்டாம்.

அப்பாவின் குழாயில் கழற்றக்கூடிய உள்குழாய் இருக்கிறதா என்று இன்றே கேளுங்கள். இல்லையென்றால், வீட்டுக்குப் போகும் முன் அப்படிப்பட்ட குழாயாக மாற்றித் தர முடியுமா என்றும் கேளுங்கள். இருந்தால், ஒரு கையால் கழுத்தின் மேல் படிந்திருக்கும் குழாயின் பட்டையை அழுத்திப் பிடித்துக்கொண்டு, மறுகையால் உள்குழாயைத் திருகி உருவி வெளிச்சத்தில் பாருங்கள். உட்சுவரில் மஞ்சளாகக் காய்ந்த படலம் தெரியும். கழுவி மாட்டுங்கள். தினம் இரண்டு மூன்று முறை இதைச் செய்யலாம், சளி அதிகமென்றால் இன்னும் அடிக்கடி. மாற்று உள்குழாய் ஒன்று எப்போதும் கைவசம் இருக்கட்டும். திடீரென்று மூச்சுத் திணறினால் முதலில் செய்ய வேண்டியதும் இதுதான்: உள்குழாயை உருவிவிடுங்கள். அடைப்பு அதில்தான் இருந்தால் வழி அந்த நொடியே திறந்துவிடும். அதற்குப் பிறகும் திணறினால் சளியை உறிஞ்சிப் பாருங்கள், அதே நேரத்தில் இன்னொருவர் ஆம்புலன்ஸை அழைக்கட்டும்.

கீற்றாக வந்த ரத்தத்துக்குக் கலங்க வேண்டாம், மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். ஆனால் புதிய சிவப்பு ரத்தம் வழிந்து வந்தால், தானே நின்றுவிட்டாலும், தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். மூச்சுக்குழாயின் முன்புறம் ஒரு பெரிய தமனி குறுக்கே செல்கிறது. குழாய் உரசி அது அரிக்கப்படுவது அரிதுதான். ஆனால் அப்படி நேர்ந்தால் பெரும்பாலும் முதல் சில வாரங்களுக்குள் நேர்கிறது. பெரும் ரத்தப்போக்குக்கு முன் சிறிய கசிவொன்று முன்னறிவிப்பாக வருவதுண்டு. அதைத் தவறவிடக் கூடாது.

குரலுக்கு வருகிறேன். மூச்சு குரல்நாண்களுக்குக் கீழேயே வெளியேறிவிடுவதால்தான் சத்தம் எழவில்லை. குழாயைச் சுற்றியுள்ள பலூனின் காற்றை இறக்கி, ஒருவழி வால்வு பொருத்தினால், மூச்சு குழாய் வழியே உள்ளே போய் குரல்நாண் வழியே மேலேறும், பலருக்குப் பேச்சும் வரும். பலூன் ஊதியிருக்கும்போது இந்த வால்வைப் பொருத்தவே கூடாது. உள்ளே இழுத்த மூச்சு வெளியேற வழியில்லாமல் உயிருக்கே ஆபத்தாகிவிடும். பக்கவாதம் பேச்சையும் விழுங்குவதையும் தனியாகவே பாதித்திருக்கலாம் என்பதால், பேச்சுப் பயிற்சியாளர் பார்த்த பிறகே வால்வு, வாய்வழி உணவு இரண்டையும் தொடங்க வேண்டும். அதுவரை எழுத்துப் பலகையோ படங்களோ கொடுங்கள். சொல்ல வந்ததைச் சொல்ல முடியாத தவிப்பு, நோயைவிட மனிதரை வாட்டிவிடும்.

பலூன் ஊதியே இருக்க வேண்டியிருந்தால், அதன் அழுத்தத்தை அழுத்தமானியில் அளந்து 20 முதல் 30 செ.மீ. நீரளவுக்குள் வைக்க வேண்டும். விரலால் அமுக்கிப் பார்ப்பது அளவாகாது. அழுத்தம் கூடினால் மூச்சுக்குழாய்ச் சுவருக்கு ரத்த ஓட்டம் தடைபட்டு, பின்னாளில் அந்த இடம் சுருங்கிவிடலாம். கழுத்து நாடாவுக்கும் தோலுக்கும் இடையே ஒரு விரல் நுழைய வேண்டும், அவ்வளவுதான்.

கட்டில் அருகே அதே அளவு குழாய் ஒன்று, ஓர் அளவு சிறியது ஒன்று, ஆம்பு பை (கையால் அமுக்கி மூச்சு கொடுக்கும் பை), மின்சாரம் நின்றாலும் இயங்கும் சளி உறிஞ்சும் இயந்திரம் ஆகியவை இருக்க வேண்டும். ‘குழாய் வெளியே வந்துவிட்டால் அப்பாவால் வாய், மூக்கு வழியாக மூச்சுவிட முடியுமா?’ என்று மருத்துவரிடம் கேட்டு, பதிலைக் கட்டிலின் தலைமாட்டில் எழுதி ஒட்டுங்கள். அவசரத்தில் வருபவர் முதலில் தேடும் தகவல் அது. உங்கள் வீட்டில் இரண்டு பேராவது செவிலியர் முன்னிலையில் உறிஞ்சவும், உள்குழாயைக் கழற்றி மாட்டவும், குழாய் நழுவினால் செய்ய வேண்டியதைச் செய்யவும் பழகியிருக்க வேண்டும். பழகவில்லையென்றால், டிஸ்சார்ஜைச் சில நாள் தள்ளிப்போடச் சொல்லித் தயங்காமல் கேளுங்கள்.