பக்கத்து 2 ஏக்கர்: குதிரைப் பண்ணைக்கு எவ்வளவு வாங்கலாம்?

கேள்வி: ஐயா, வணக்கம். ஈரோடு மாவட்டம் அந்தியூர் பக்கம் எனக்கு ஒன்றரை ஏக்கர் இருக்கிறது. அதில் நான்கு பெட்டைக் குதிரைகள், ஒரு பொலிகுதிரை, இரண்டு குட்டிகள் வைத்திருக்கிறேன். எல்லாம் மார்வாரி, கத்தியவாரி இனம். குட்டி ஒன்றேகால் லட்சம் வரை போகிறது. சனி, ஞாயிறு பிள்ளைகளுக்குச் சவாரி சொல்லிக்கொடுப்பதில் மாதம் 25,000 ரூபாய் வரும். தெற்கே என் நிலத்தை ஒட்டினாற்போல் 2 ஏக்கர் விலைக்கு வந்திருக்கிறது. வடகிழக்கு மூலையில் கிணறு, ஓரமாகப் பழைய கறிக்கோழிக் கொட்டகை. பட்டா இன்னும் விற்பவரின் காலமான அப்பா பெயரில்தான் இருக்கிறது. ஏக்கர் 24 லட்சம் சொல்கிறார்கள். கையில் 20 லட்சம் உண்டு. மீதிக்கு வீட்டை வைத்துக் கடன் வாங்கி, 2 ஏக்கரிலும் நேப்பியர் தீவனப்புல் போட்டால் தீவனச் செலவு மிச்சமாகும் என்று நினைக்கிறேன். கோவைக்காரர் ஒருவர் கேட்பதாகச் சொல்லி அவசரப்படுத்துகிறார்கள். பக்கத்து நிலத்துக்காரன் என்ற முறையில் எனக்குத்தானே முதல் உரிமை? குதிரைப் பண்ணைக்கு 50 சதவீத மானியம் என்கிறார்களே, நிலம் வாங்கவும் கிடைக்குமா?

பதில்: வாங்குங்கள் தம்பி, ஆனால் 2 ஏக்கரையும் வாங்க வேண்டாம். கிணற்றோடு சேர்ந்த வடபாதி ஒரு ஏக்கரைக் கிரயம் பேசுங்கள். தென்பாதியைக் குத்தகைக்குக் கேளுங்கள். ஏன் இப்படிச் சொல்கிறேன் என்று உங்கள் கணக்கையே வைத்துப் பார்ப்போம்.

2 ஏக்கருக்கு 48 லட்சம். அதன்மேல் முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக 9 சதவீதம். அதுவே 4 லட்சத்து 32 ஆயிரம். அரசு நிர்ணயித்த வழிகாட்டி மதிப்பு கிரயத் தொகையைவிடக் கூடுதலாக இருந்தால் அந்த மதிப்புக்குத்தான் கட்ட வேண்டும். உங்கள் 20 லட்சம் போக 32 லட்சத்துக்கு மேல் கடன் விழும். 10 சதவீத வட்டி, பத்து வருடத் தவணை என்று வைத்தால் மாதம் ஏறக்குறைய 42,700 ரூபாய், வருடத்துக்கு 5 லட்சத்துக்கும் மேல்.

குதிரைகள் எவ்வளவு தரும்? பெட்டைக்குச் சினைக்காலம் பதினொரு மாதம். நான்கு பெட்டை இருந்தால் நல்ல வருடத்தில் மூன்று குட்டி என்று வைப்பதே நியாயம். ஒன்றேகால் லட்சம் வீதம் 3 லட்சத்து 75 ஆயிரம். கொள்ளு, தவிடு, காய்ந்த தட்டு எல்லாம் சேர்த்துப் பெரிய குதிரை ஒன்றுக்கு ஒரு நாளைக்கு 200 ரூபாய் என்று வைத்தாலும், ஐந்துக்கும் வருடத்துக்கு 3 லட்சத்து 65 ஆயிரம் ஆகிவிடும். குட்டி விற்ற பணம் தீவனத்துக்கே சரியாகப் போகிறது. மிச்சம் சவாரி வருமானம் 3 லட்சம். அதில்தான் ஆள் கூலி, லாடம், மருந்து, தடுப்பூசி, உங்கள் குடும்பம் எல்லாம். இதிலிருந்து 5 லட்சம் தவணை எப்படிக் கட்டுவீர்கள்?

இன்னொரு சிக்கல், பணம் வரும் காலம். உங்கள் பக்கத்தில் குட்டிக்கு நல்ல விலை கிடைப்பது ஆடியில் குருநாதசுவாமி கோயில் சந்தையில்தான். ஆடியில் ஆறேழு மாதக் குட்டியாக நிற்க வேண்டுமானால் அது மார்கழியிலோ தையிலோ பிறக்க வேண்டும். அதற்குப் பெட்டையைத் தை, மாசியிலேயே பொலிக்கு விட்டிருக்க வேண்டும். வருடத்தில் ஒரு முறை வரும் காசு அது. வங்கியோ மாதாமாதம் கேட்கும். ஒரு பெட்டை சினை நிற்காமல் போனால், ஒரு குட்டி வயிற்றுச் சூலையில் போனால், அந்த வருடமே கவிழ்ந்துவிடும். குடியிருக்கும் வீட்டை அதற்கு ஈடாக வைப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

அடுத்து நேப்பியர். கோ 4, கோ 5 கம்பு நேப்பியர் பாசன வசதியோடு வளர்த்தால் ஏக்கருக்கு வருடம் 140, 150 டன் பசுந்தீவனம் தரக்கூடிய ரகங்கள். ஒரு குதிரைக்கு நாளைக்கு 20 கிலோ என்று தாராளமாகப் போட்டாலும் ஐந்துக்கும் வருடத்துக்கு 36 டன்தான். உங்களுக்குத் தேவை 25 சென்ட். 2 ஏக்கர் நேப்பியரை என்ன செய்யப் போகிறீர்கள்?

அதைவிடக் கவலை, நேப்பியரை மட்டுமே நம்புவது. மாட்டுக்கு நல்லது என்பதால் குதிரைக்கும் நல்லது என்று ஆகாது. நேப்பியர், கினியாப்புல், கொழுக்கட்டைப்புல் இவற்றிலெல்லாம் ஆக்சலேட் என்ற உப்பு இருக்கிறது. மாட்டின் இரைப்பையில் உள்ள நுண்ணுயிர்கள் அதை ஓரளவு சிதைத்துவிடும். குதிரைக்கு அந்த வசதி குறைவு. புல்லில் உள்ள கால்சியத்தை ஆக்சலேட் பிடித்து வைத்துக்கொள்ள, உடம்பு எலும்பிலிருந்து கால்சியத்தை உருவத் தொடங்கும். கோதுமைத் தவிடும் நிறையப் போட்டால் அதிலுள்ள பாஸ்பரஸ் இதை இன்னும் மோசமாக்கும். சில மாதங்களில் குதிரை காரணம் தெரியாமல் கால் மாற்றி மாற்றி நொண்டும், தீவனத்தை மெல்லத் தயங்கும், முகத்தெலும்பு இரண்டு பக்கமும் வீங்கும். இன்றைக்கே உங்கள் குதிரைகளின் கண்ணுக்குக் கீழிருந்து மூக்குத்துளையை நோக்கி இரண்டு கை விரல்களாலும் ஒரே நேரத்தில் தடவிப் பாருங்கள். அங்குள்ள எலும்பு மேடு கூர்மையாகக் கைக்குத் தட்டுப்பட வேண்டும். மழுங்கி, உப்பலாகத் தெரிந்தால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

அதனால் இப்போதுள்ள உங்கள் ஒன்றரை ஏக்கரிலேயே 25 சென்ட் நேப்பியர், 30 சென்ட் குதிரைமசால் (லூசர்ன்), வரப்போரம் வேலிமசால் என்று பிரித்துப் போடுங்கள். குதிரைமசாலில் கால்சியம் அதிகம். குதிரைக்கு ஐந்து கிலோ வீதம் சேர்த்தாலே நேப்பியரின் குறை பெருமளவு ஈடாகும். அருகம்புல் கிடைக்கும் காலத்தில் தயங்காமல் கொடுங்கள், குதிரைக்கு அதைவிட ஒத்துப்போகும் புல் நம் ஊரில் குறைவு. எருவுக்கும் பஞ்சமில்லை. ஐந்து குதிரை நாளைக்கு 75 கிலோ சாணம் போடும். மக்கவைத்து அந்த 55 சென்ட்டுக்கே திருப்பிப் போடலாம்.

அப்படியானால் புது நிலம் எதற்கு? ஓடுவதற்கு. ஒன்றரை ஏக்கரில் லாயம், வீடு, தீவனப்பயிர் போக ஏழு உருப்படிக்கு மிஞ்சும் இடம் போதவே போதாது. குட்டிக்கு எலும்பும் தசைநாரும் இறுகுவது ஓடும்போதுதான். கட்டிப்போட்டு வளர்த்த குட்டியைச் சந்தையில் நடக்கவிட்டால் வாங்குபவர் கண்ணுக்கு உடனே தெரிந்துவிடும். பால் மறந்த குட்டியைத் தாயிடமிருந்து பிரித்துவிட, பொலியைத் தனியாக வைக்க, எல்லாவற்றுக்கும் இடம் வேண்டும். ஒரே மண்ணில் வருடம் முழுக்க மேய்ந்தால் குடற்புழுவும் பெருகும். பாதியில் மேய்த்து, பாதியை ஓய்வாக விட்டு, வாரம் இரண்டு முறை சாணத்தைப் பொறுக்கிவிட்டால் மருந்துச் செலவு குறையும். ஓய்வில் இருக்கும் பாதியில் மாட்டையோ செம்மறியையோ மேயவிடலாம், குதிரைப் புழுக்களில் பெரும்பாலானவை அவற்றின் வயிற்றில் பிழைக்காது.

இதற்கு ஒரு ஏக்கரை வாங்கினால் போதும், வாகான வடிவத்தில் இருந்தால். உங்கள் தெற்கு வேலி 400 அடி நீளம் என்று வைத்துக்கொண்டால், அதை ஒட்டி 109 அடி அகலத்தில் ஒரு பட்டை எடுத்தாலே ஒரு ஏக்கர். சதுரமான ஒரு ஏக்கரில் குட்டி நாலு பாய்ச்சலில் திரும்ப வேண்டியிருக்கும். நீளப் பட்டையில் முழு வேகம் எடுக்கும். கிணறும் அந்தப் பட்டைக்குள் வந்துவிடும். கிழக்கு மேற்காகப் பிரிப்பதால், வண்டிப்பாதை மேற்கு ஓரத்தில் இருந்தால் இரண்டு பாதிக்கும் வழி உண்டு. கிணறு போய்விடுகிறதே என்று விற்பவர் தயங்குவார். கிணற்றில் பாதிப் பங்கை அவருக்கே விட்டுக்கொடுத்து, யாருக்கு எந்த நாள் முறை, பைப் எந்த வழியாகப் போக வேண்டும், மின் இணைப்பு யாருடையது என்பதைப் பத்திரத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். வாய்ப்பேச்சாக விட்ட கிணற்றுப் பங்கு அடுத்த தலைமுறையில் நீதிமன்றத்துக்குப் போவது கொங்கு நாட்டில் புதிதல்ல.

இந்தக் கணக்கில் கிரயமும் பதிவும் சேர்ந்து 26 லட்சத்துச் சொச்சம். கையிருப்பில் 2 லட்சத்தை ஆறு மாதத் தீவனத்துக்கென்று தொடாமல் வைத்துவிட்டு 18 லட்சத்தைப் போட்டால், கடன் 8 லட்சத்துக்குச் சற்று மேல். தவணை மாதம் சுமார் 10,800. சவாரி வருமானத்திலேயே கட்டிவிடலாம். இந்தச் சிறிய கடனுக்கு வாங்கும் நிலத்தையே ஈடாக ஏற்கும் வங்கி இருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள்.

தென்பாதியைக் குத்தகைக்குத் தர விற்பவர் யோசிக்கலாம். குத்தகைக்காரரை வெளியேற்ற முடியாதோ என்ற பயம் நம் ஊர் நிலக்காரர்களுக்கு உண்டு, 1955ஆம் ஆண்டின் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம் அப்படி. எழுத்தில் காலக்கெடுவோடு செய்யுங்கள். ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகை என்றால் பதிவு செய்தே ஆக வேண்டும். விற்கும்போது முதலில் உங்களிடம்தான் கேட்க வேண்டும் என்ற ஒரு வரியையும் அதில் சேருங்கள்.

முதல் உரிமை பற்றிக் கேட்டீர்கள். பக்கத்து நிலத்துக்காரர் என்பதற்காக உங்களுக்குச் சட்டத்தில் முதல் உரிமை கிடையாது. அந்த உரிமை இருப்பது விற்பவரின் உடன்பிறந்தவர்களுக்கு. இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 22ஆவது பிரிவு, ஒரு வாரிசு தன் பங்கை விற்க முனைந்தால் மற்ற வாரிசுகளுக்கு முன்னுரிமை தருகிறது. வேளாண் நிலத்துக்கும் இது பொருந்தும் என்று உச்ச நீதிமன்றம் 2019இல் தீர்ப்பளித்திருக்கிறது. பட்டா அப்பா பெயரிலேயே இருப்பதால் இது உங்களுக்கு முக்கியம். வாரிசுச் சான்று வாங்கி, அதில் உள்ள ஒவ்வொருவரும், கட்டிக்கொடுத்த பெண்கள் உட்பட, கிரயப் பத்திரத்தில் கையெழுத்துப் போட வேண்டும். ‘அக்காவுக்குச் சீர் செய்துவிட்டோம், அவர் கேட்க மாட்டார்’ என்று சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அவர் தன் பங்கை விட்டுக்கொடுத்ததாகப் பதிவான விடுதலைப் பத்திரம் இருந்தால் காட்டட்டும், இல்லையென்றால் அவரே வந்து கையெழுத்திடட்டும்.

மற்றபடி தாய்ப்பத்திரத்தின் அசல், 30 வருட வில்லங்கச் சான்று, சிட்டா, ஏ-பதிவேடு, புல வரைபடம் இவற்றை ஒரு வழக்கறிஞரிடம் கொடுத்துப் பார்த்துவிடுங்கள். பஞ்சமி நிலமோ, கோயில் நிலமோ, நிபந்தனைப் பட்டாவோ இல்லை என்பது உறுதியான பிறகே முன்பணம். அரசு நில அளவையரை வைத்துக் கல் நட்டு அளந்த பிறகே கிரயம். கோவைக்காரருக்கும் இதே காகிதங்கள்தான் வேண்டும், அவராலும் நாளைக்கே பதிவு செய்துவிட முடியாது.

மானியம் உண்மைதான். தேசிய கால்நடை இயக்கத்தில் 2024 பிப்ரவரியில் குதிரை, கழுதை, கோவேறு கழுதை, ஒட்டகத்தையும் சேர்த்தார்கள். தனிநபருக்கும் 50 சதவீத முதலீட்டு மானியம், உச்சவரம்பு 50 லட்சம். ஆனால் நிலம் வாங்கவோ குத்தகைக்கோ அதில் பணம் கிடையாது. நிலத்தை முடித்துவிட்டு, லாயத்துக்கும் இனப்பெருக்கத்துக்கும் திட்டம் தயாரித்துப் பிறகு விண்ணப்பிக்கலாம். மானியத்தை நம்பி நிலத்துக்குக் கடன் வாங்காதீர்கள்.

நிலத்தை நேரில் பார்க்கும்போது கவனிக்க வேண்டியவை சில. கிணற்றைக் கோடையில், சித்திரை வைகாசியில் சோதியுங்கள். மோட்டார் போட்டு நீர் இறங்கியதும் நிறுத்தி, மறுநாள் அதே நேரத்தில் எவ்வளவு ஊறியிருக்கிறது என்று கயிறு விட்டு அளந்து பாருங்கள். ஒரு நல்ல மழைக்கு மறுநாள் நிலத்தின் குறுக்கே நடந்து பாருங்கள். தண்ணீர் தேங்கிச் சேறாகும் இடத்தில் குதிரை நின்றால் குளம்பு அழுகும். சரளைக்கல் மேலெழுந்த இடத்தில் ஓடினால் குளம்படி நசுங்கும்.

வேலியை ஒவ்வொரு அடியாகப் பாருங்கள். ஆமணக்கு இருந்தால் வேரோடு எடுங்கள், அதன் விதையின் விஷத்தை மாட்டைவிடக் குதிரை குறைவாகவே தாங்கும். அரளி ஒரு செடிகூட இருக்கக் கூடாது, காய்ந்த இலையும் கொல்லும். சவுண்டல் (சூபாபுல்) மரம் இருந்தால், அதன் இலையைத் தொடர்ந்து தின்னும் குதிரைக்குப் பிடரியும் வாலும் கொட்டிவிடும். முள்கம்பியைக் கழற்றிவிட்டு உட்புறம் மூங்கில் தடுப்பு கட்டுங்கள். வெளிப்புறம் மழைக்காலத்தில் கிளுவைப் போத்து நட்டால் இரண்டு மூன்று வருடத்தில் உயிர்வேலி நிற்கும். கிணற்றுக்குச் சுற்றுச்சுவர் கட்டாமல் குட்டியை உள்ளே விடவே கூடாது.

கோழிக் கொட்டகை கூடுதல் லாபம் என்று நினைத்திருப்பீர்கள். அதை அப்படியே லாயமாக்க முடியாது. கூரை ஓரம் தாழ்வு, குதிரை முன்னங்காலைத் தூக்கினால் தலை இடிக்கும். அதைவிடப் பெரிய ஆபத்து, மூலையில் கிடக்கும் பழைய தீவன மூட்டை. கறிக்கோழித் தீவனத்தில் ரத்தக் கழிச்சலைத் தடுக்க மோனன்சின், சலினோமைசின் போன்ற மருந்துகளைக் கலப்பார்கள். கோழிக்கு ஒன்றும் செய்யாத அந்த அளவு குதிரையின் இதயத் தசையை அழித்துவிடும், மாற்று மருந்து கிடையாது. பழைய கோழி எருவில் செத்த கோழி மக்கியிருந்தால் வேறு நஞ்சும் சேரும். எருவையும் தீவனத்தையும் முழுக்க வாரி வெளியேற்றி, தரையைக் கழுவிச் சுண்ணாம்பு அடித்து, அந்தக் கொட்டகையைத் தட்டு அடுக்கவும் சேணம் வைக்கவும் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

கிரயம் முடிந்த கையோடு உட்பிரிவு செய்து உங்கள் பெயரில் பட்டாவுக்கும், கிணற்று மின் இணைப்பில் உங்கள் பங்குக்கான பெயர் மாற்றத்துக்கும் விண்ணப்பித்துவிடுங்கள். வேலியும் கிணற்றுச் சுவரும் முடிந்ததும் முதலில் வயதான, அமைதியான பெட்டையைப் பகலில் மட்டும் உள்ளே விடுங்கள். அது எங்கே மூக்கை நுழைக்கிறது, எந்தச் செடியைக் கடிக்கிறது என்று ஒரு வாரம் கூடவே இருந்து பாருங்கள். குட்டிகளை அதற்குப் பிறகு விடலாம்.