மறுபடியும் அதே கம்பிக்குத்தான் வரும்: வாசகர் கேள்வி–பதில்

பறவை, விலங்குப் படங்கள் எடுப்பது பற்றிக் கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தோம். வந்தவற்றில் பாதிக்கு மேல் ஏதோ ஒரு விதத்தில் பொறுமையைப் பற்றித்தான் கேட்டிருந்தன. சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: போன வருஷம் கேமராவும் 600 மில்லிமீட்டர் வரை போகும் ஜூம் லென்ஸும் வாங்கினேன். வேடந்தாங்கல், கோடியக்கரை, முதுமலை, வால்பாறை என்று எட்டு மாதம் சுற்றியாகிவிட்டது. சொல்லிக்கொள்கிற மாதிரி ஒரு படம்கூட இல்லை. உனக்குப் பொறுமை போதாது என்கிறார்கள் நண்பர்கள். பொறுமையை எப்படி வளர்த்துக்கொள்வது? (கல்லூரி மாணவர், தஞ்சாவூர்)

உங்களுக்குப் பொறுமை இல்லை என்று எனக்குத் தோன்றவில்லை. நீங்கள் போன நாலு இடத்திலும் உங்களுக்குப் பழக்கமான பறவை ஒன்றுகூட இல்லை, குறை அதுதான். பெயர் தெரிந்திருக்கும். ஆனால் காலையில் அது எந்தப் பக்கமிருந்து வரும், வந்தால் எங்கே உட்காரும், கிளம்பும் முன் என்ன செய்யும் என்பதெல்லாம் தெரியாமல் மணிக்கணக்கில் நிற்பது, எந்த பஸ் எப்போது வரும் என்று தெரியாமல் பஸ் ஸ்டாண்டில் நிற்பது மாதிரி. கால்தான் வலிக்கும்.

தஞ்சாவூரில் இருக்கிறீர்கள், சுற்றிலும் வயலும் வாய்க்காலும். அங்கே மின்கம்பியில் பச்சையாக, சிட்டுக்குருவியைவிடக் கொஞ்சம் பெரிதாக, வாலில் கம்பி மாதிரி இரண்டு இறகு நீட்டிக்கொண்டு ஒரு பறவை உட்கார்ந்திருக்கும். பச்சைப் பஞ்சுருட்டான். வருஷம் முழுக்க இருக்கும், ஆளைக் கண்டு பெரிதாகப் பயப்படாது. அது கம்பியிலிருந்து பாய்ந்து ஒரு தேனீயையோ தட்டானையோ பிடித்துக்கொண்டு பெரும்பாலும் மறுபடியும் அதே இடத்துக்குத்தான் திரும்பி வரும். தேனீயாக இருந்தால் உட்கார்ந்த இடத்திலேயே அதை அடித்துத் தேய்த்து, கொடுக்கை எடுத்துவிட்டுத்தான் விழுங்கும். இது தெரிந்துவிட்டால் பறக்கிற பறவையைத் துரத்திக்கொண்டு லென்ஸைச் சுழற்ற வேண்டிய அவசியமே இல்லை. அது திரும்பி வரப்போகிற இடத்தைப் பார்த்துக் கேமராவை வைத்துக்கொண்டு இருந்தால் போதும்.

முதல் மூன்று நாள் கேமராவைப் பையிலேயே வைத்திருங்கள். காலை ஆறரையிலிருந்து எட்டரை வரை சும்மா பாருங்கள். எந்தக் கம்பி, எந்த முள்மரக் கிளை, எத்தனை தடவை என்று எழுதிக்கொள்ளுங்கள். நாலாம் நாள் சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கிற மாதிரி உட்காருங்கள். காற்றும் முதுகுப் பக்கமிருந்து அடித்தால் இன்னும் நல்லது, ஏனென்றால் பறவைகள் எழும்பும்போதும் இறங்கும்போதும் பெரும்பாலும் காற்றை எதிர்த்தே திரும்பும், அப்போது முகம் உங்களைப் பார்த்து இருக்கும். ஷட்டர் வேகம் நொடியில் 2,500இல் ஒரு பங்கு, ஐஎஸ்ஓவை, அதாவது கேமரா வெளிச்சத்தை எவ்வளவு உணர வேண்டும் என்ற அளவை, ஆட்டோவில் விட்டுவிடுங்கள். பறவை உடம்பை லேசாக முன்னால் சாய்த்தாலோ எச்சமிட்டாலோ அடுத்த நொடி கிளம்பிவிடும் என்று அர்த்தம். இதையெல்லாம் நான் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை, ஒரே வாய்க்கால் கரையில் இரண்டு மாதம் உட்கார்ந்துதான் கண்டுகொண்டேன்.

வேடந்தாங்கலுக்கும் போங்கள், ஆனால் ஞாயிற்றுக்கிழமை பதினொரு மணி வெயிலில் வேண்டாம். டிசம்பர், ஜனவரியில் ஒரு வேலை நாளாகப் பார்த்து சாயங்காலம் நாலு மணிக்குப் போய் உட்காருங்கள். இரை தேடப் போன நாரைகளும் அரிவாள் மூக்கன்களும் கூட்டம் கூட்டமாக ஏரிக்குள் இருக்கும் மரங்களுக்குத் திரும்புகிற நேரம் அது.

கேள்வி: காத்திருக்கும் நேரத்தில் நீங்கள் என்ன செய்வீர்கள்? எனக்கு அரை மணி நேரத்தில் கை தானாகப் போனுக்குப் போய்விடுகிறது. (வாசகி, கோயம்புத்தூர்)

அந்த முதல் அரை மணி நேரம் நமக்கு ஒன்றுமே நடக்காதது போலத்தான் இருக்கும். அந்த நேரத்தில் நடப்பது நமக்குத் தெரியாது, அவ்வளவுதான். நாம் வந்து உட்கார்ந்ததும் அந்த இடமே அடங்கிப் போகிறது. அது மறுபடி பழைய நிலைக்குத் திரும்ப இருபது நிமிஷம், சில சமயம் அதற்கும் மேல் ஆகும், அதுவும் நாம் அசையாமல் இருந்தால். போனை எடுத்துத் திரையைத் தள்ளிக்கொண்டிருந்தால் அந்தக் கணக்கு முதலிலிருந்து தொடங்குகிறது.

நான் கேட்டுக்கொண்டிருப்பேன். குறிப்பாகத் தவிட்டுக்குருவிகளை. அவை பக்கத்தில் வந்து சருகைக் கிளறிக்கொண்டு தம் பாட்டுக்கு இருந்தால், அங்கே என்னை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை என்று புரியும். திடீரென்று எல்லாம் ஒரே இடத்தைப் பார்த்துக் கத்தினால் அங்கே பாம்போ பூனையோ வல்லூறோ இருக்கும். காட்டில் புள்ளிமானும் மந்தியும் இதே வேலையைச் செய்கின்றன, புலியையோ சிறுத்தையையோ பார்த்தவர்களில் பலர் முதலில் காதால்தான் பார்த்திருப்பார்கள்.

ஒரு குளிர்காலம், எங்கள் ஊர் ஆற்றங்கரை மாந்தோப்பில் ஆறுமணிக்குருவிக்காக உட்கார்ந்திருந்தேன். வடக்கே இனப்பெருக்கம் முடிந்து குளிர்காலத்துக்கு இங்கே வருகிற பறவை. விடியும்போதும் அந்தி சாயும்போதும், கிட்டத்தட்ட ஆறு மணிக்கு, இரண்டு சுரத்தில் விசிலடிக்கும், அதனால்தான் அந்தப் பெயர். முதல் நாள் குரல் மட்டும் கேட்டது. இரண்டாம் நாள் அதுவும் இல்லை, ஒரு கீரி மட்டும் என் காலுக்கு நாலடி தள்ளிப் போனது. மூன்றாம் நாள் வெளிச்சம் போய்க் கேமராவைப் பைக்குள் வைக்கலாமா என்று நினைத்த நேரத்தில் சருகு அசைந்தது. பச்சை, நீலம், வால் அடியில் சிவப்பு என்று அத்தனை நிறத்தோடும் எதிரே நின்றுகொண்டு அலகால் ஒவ்வொரு இலையாகப் புரட்டிப் பூச்சி தேடிக்கொண்டிருந்தது. ஷட்டர் வேகம் நொடியில் 60இல் ஒரு பங்குக்கு மேல் ஏறவில்லை. ஏழெட்டுப் படம் எடுத்தேன், எல்லாமே கொஞ்சம் கலங்கல்தான். அப்புறம் கேமராவை மடியில் வைத்துவிட்டு இருட்டும்வரை பார்த்துக்கொண்டே இருந்தேன். அதற்குப் பிறகு எத்தனையோ துல்லியமான படங்கள் எடுத்திருக்கிறேன், ஆனாலும் வீட்டுச் சுவரில் மாட்டியிருப்பது அந்தக் கலங்கல் படத்தைத்தான்.

கேள்வி: லட்சக்கணக்கில் லென்ஸ் இல்லாமல் இதில் இறங்க முடியுமா? என்னிடம் இருப்பது போன் மட்டும்தான். (ஓய்வுபெற்ற ஆசிரியை, திண்டுக்கல்)

முடியும். போனை வைத்துக்கொண்டு பறவை பக்கம் போகாதீர்கள், வருத்தம்தான் மிஞ்சும். பூச்சிகளிடம் போங்கள். விடியற்காலையில் உடம்பில் சூடு ஏறும்வரை தட்டானும் வண்ணத்துப்பூச்சியும் பறக்காமல் புல் நுனியில் அப்படியே தொங்கிக்கொண்டிருக்கும், சிறகில் பனித்துளியோடு. அரையடி தூரம் வரை போகலாம், உங்கள் நிழல் அவற்றின் மேல் விழாமல் பார்த்துக்கொண்டால் போதும். தட்டானும் பஞ்சுருட்டான் மாதிரிதான், எழுந்து போனால் பல நேரம் அதே குச்சிக்கு வந்து உட்காரும்.

பறவைதான் வேண்டும் என்றால், லென்ஸ் கழற்ற முடியாத பெரிய ஜூம் கேமராக்களைப் பாருங்கள். நிக்கான் பி950இன் ஜூம் 2,000 மில்லிமீட்டர் லென்ஸுக்குச் சமமான தூரம் போகும். மங்கிய வெளிச்சத்தில் திணறும், நல்ல வெயிலில் நன்றாகவே எடுக்கும்.

சென்னையில் வாழ்ந்த மா. கிருஷ்ணனைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டும். 1950 முதல் 1996இல் மறையும்வரை ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் இயற்கையைப் பற்றித் தொடர்ந்து எழுதியவர், 1970இல் பத்மஸ்ரீ பெற்றவர். கிடைத்த உதிரிப் பாகங்களை ஒன்று சேர்த்துத் தானே கட்டிக்கொண்ட கேமராவில் கறுப்பு வெள்ளையில் யானைகளை எடுத்தார். அந்தப் படங்களில் யானை எதற்காக அந்த இடத்தில் அப்படி நிற்கிறது என்பது நமக்குத் தெரியும். அது கேமராவால் வந்ததில்லை.

கேள்வி: வெளிநாட்டுக் கலைஞர்கள் ஒரே படத்துக்காக மாதக்கணக்கில் காத்திருப்பதாகப் படிக்கிறோம். உண்மையா, விளம்பரமா? (வாசகர், நாகர்கோவில்)

உண்மைதான். ரஷ்யாவின் செர்கேய் கோர்ஷ்கோவ் எடுத்த படத்தைப் பார்த்திருப்பீர்கள், ஒரு பெண் புலி மரத்தைக் கட்டிப்பிடித்துக் கண்ணை மூடிக்கொண்டு முகத்தைத் தேய்த்துக்கொண்டிருக்கும். லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் நடத்தும் போட்டியில் 2020இல் முதல் பரிசு பெற்ற படம். ரஷ்யாவின் தூரக்கிழக்கில் உள்ள காட்டில் எடுத்தது, 11 மாதத்துக்கு மேல் ஆனது.

அந்த 11 மாதமும் அவர் மரத்தடியில் உட்கார்ந்திருக்கவில்லை. அசைவு தெரிந்தால் தானாகப் படமெடுக்கும் கேமராவை மரத்துக்கு எதிரே பொருத்தியிருந்தார். அவ்வளவு பெரிய காட்டில் அந்த ஒரு மரத்தை எப்படிப் பிடித்தார் என்பதுதான் என்னைப் பொறுத்தவரை பெரிய விஷயம். புலிகள் தங்கள் எல்லையைச் சொல்ல மரங்களில் வாசனையை விட்டுப் போகும். அந்த வாசனை, ஒட்டிய முடி, தடம் எல்லாவற்றையும் தேடி அலைந்து, புலி மறுபடி வந்து போகிற மரம் இது என்று முடிவு செய்த பிறகுதான் கேமராவை வைத்தார். தஞ்சாவூர் மாணவருக்குச் சொன்ன மின்கம்பிக் கதைதான் இதுவும். கம்பிக்குப் பதிலாக மரம், மூன்று நாளுக்குப் பதிலாக 11 மாதம்.

கேள்வி: காட்டுக்குள் தனியாக நடந்து போய்ப் படம் எடுக்கலாமா? ட்ரோன்? (கல்லூரி மாணவர், ஈரோடு)

இரண்டும் கூடாது. 1972 காட்டுயிர் பாதுகாப்புச் சட்டப்படி சரணாலயத்துக்குள் நுழையவும் படம் எடுக்கவும் வனத்துறை அனுமதி வேண்டும். முதுமலைச் சாலையில் வண்டியை நிறுத்தி இறங்கி யானையைப் படம் எடுப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். குட்டியோடு நிற்கும் யானை ஓடி வந்தால் உங்களால் தப்பிக்க முடியாது, பழி மட்டும் அந்த யானை மேல் விழும்.

கேள்வி: எங்கள் வீட்டுச் செம்பருத்திச் செடியில் கொண்டைக்குருவி கூடு கட்டிக் குஞ்சு பொரித்திருக்கிறது. இலை மறைக்கிறது. இரண்டு மூன்று இலையை மட்டும் கிள்ளிவிட்டு எடுக்கலாமா? (வாசகி, விழுப்புரம்)

தயவு செய்து வேண்டாம். அந்த இலைகள் இருப்பதால்தான் அது அந்த இடத்தையே தேர்ந்தெடுத்தது. இறகு முளைக்காத குஞ்சுக்கு நேர் வெயில் கொஞ்ச நேரமே போதும், செத்துப்போகும். அது தப்பினாலும் காக்கை நம்மைக் கவனித்துக்கொண்டிருக்கும், நாம் அடிக்கடி எட்டிப் பார்க்கிற இடத்தை அதுவும் எட்டிப் பார்க்கும்.

நான் இந்தத் தப்பைச் செய்திருக்கிறேன். கேமரா வாங்கிய புதிதில் தையல்சிட்டின் கூட்டுக்கு முன்னால் இருந்த ஒரு கிளையை நூலால் இழுத்துக் கட்டினேன், படம் எடுத்ததும் அவிழ்த்தும் விட்டேன். மறுநாள் கூடு காலி. படத்தை அன்றைக்கே அழித்தேன், அந்தக் காலிக்கூடு மட்டும் இன்னும் நினைவில் இருக்கிறது. பல போட்டிகளில் இன்று கூட்டுப் படங்களை எடுத்துக்கொள்வதே இல்லை, அது சரியான முடிவு. பதிவு செய்த குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைப்பதையும் நான் இதே கணக்கில்தான் வைக்கிறேன், எதிரி வந்துவிட்டது என்று நினைத்து அது வேலையை விட்டுவிட்டு ஓடி வருகிறது.

கொண்டைக்குருவிக் குஞ்சுகள் சுமார் இரண்டு வாரத்தில் கூட்டை விட்டு வெளியே வந்துவிடும். அதுவரை ஜன்னலுக்குப் பின்னாலிருந்து தாய் இரையோடு வந்து போவதை மட்டும் பாருங்கள். வெளியே வந்த குஞ்சுகள் பக்கத்துக் கிளையில் வரிசையாக உட்கார்ந்து இரைக்கு வாய் திறக்கும், உங்கள் படம் அங்கே கிடைக்கும். சிவகங்கை மாவட்டம் கொள்ளுகுடிப்பட்டியில் கண்மாய்க்கு வரும் பறவைகள் மிரளக்கூடாது என்று ஊரே தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. அங்கே சின்னப் பிள்ளைகள்கூட விட்டுக்கொடுக்கிறார்கள், நாம் இரண்டு வாரம் இருக்கலாம்.

கேள்வி: இதனால் என்ன வருமானம் என்று அப்பா கேட்கிறார். என்ன சொல்வது? (வாசகர், வேலூர்)

உண்மையைச் சொல்லுங்கள். இதை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்துகிறவர்கள் மிகக் குறைவு. இருக்கிற வேலையை விட்டுவிடாதீர்கள்.

கிடைப்பது வேறு. எங்கள் ஊர் ஏரிக்கு ஏழு வருஷமாகப் போகிறேன். எந்த வாரம் வாலாட்டி வரும், எந்த வருஷம் நாமக்கோழி குறைந்தது, கரையில் குப்பை கொட்ட ஆரம்பித்த பிறகு எந்தப் பறவை அந்தப் பக்கம் வருவதை நிறுத்தியது என்று என் நோட்டில் இருக்கிறது. தேதியும் இடமும் போட்டு, பறவை பார்ப்பவர்கள் பார்த்ததைப் பதிந்து வைக்கும் இ-பேர்ட் இணையதளத்தில் ஏற்றிய ஒரு சுமாரான படம்கூட நாளைக்கு அந்த ஏரிக்கு ஒரு சாட்சி.

என் அப்பாவும் இதே கேள்வியைத்தான் கேட்டார். 2015இலிருந்து ஒவ்வொரு பொங்கலுக்கும் நாலு நாள் தமிழ்நாடு முழுக்கப் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது, ஒரு இடத்தில் பதினைந்து நிமிஷம் நின்று பார்த்ததை எண்ணிப் பதிந்தால் போதும், யார் வேண்டுமானாலும் சேரலாம். ஒரு பொங்கலன்று அவரையும் ஏரிக்கு அழைத்துப் போனேன். எனக்குக் கரிச்சான் என்று தெரிந்த பறவையை அவர் வலியன் என்ற இன்னொரு பெயரில் சொன்னார், முக்குளிப்பான் எங்கே மூழ்கி எங்கே எழும்பும் என்று விரலால் காட்டினார். அன்று எண்ணியது மொத்தம் 31 வகை, பாதி அவர் கண்ணில் பட்டது. அதற்கடுத்த அக்டோபரில் ஒருநாள் காலை இட்லி சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவராகவே கேட்டார்: "ஏரிக்கு வாலாட்டி வந்துடுச்சாப்பா?"