எழுதவிடாத டிஸ்க்: தடுப்பது யார்?

கேள்வி: என் எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்கில் குடும்பப் படங்களும் கணக்குகளும் இருக்கின்றன. ஃபைல்களைப் பூட்டிவைத்துப் பணம் கேட்கும் ரான்சம்வேர் வைரஸுக்குப் பயந்து 'ரைட் புரொடெக்ட்' (எழுதவிடாமல் தடுக்கும் வசதி) உள்ள டிஸ்க் வாங்க நினைக்கிறேன். அதில் வைரஸ் நுழையவே முடியாது என்கிறார் விற்பவர். நம்பலாமா?

பதில்: எழுதவிடாமல் தடுப்பது டிஸ்க்கா, கம்ப்யூட்டரா என்று அவரிடமே கேளுங்கள். பலரிடம் பதில் இருக்காது. இந்தப் பெயரில் விற்பதில் பல, கூடவே வரும் ஒரு மென்பொருள்தான். கம்ப்யூட்டரில் எதையும் மாற்ற விடும் அட்மின் உரிமையோடு உள்ளே வந்த வைரஸ் அதை அணைத்துவிடும். விண்டோஸில் 'ரீட் ஒன்லி' (படிக்க மட்டும்) என்று மாற்றிவைப்பதும் அப்படித்தான்.

சுவிட்ச் கண்ணுக்குத் தெரிந்தாலும் ஏமாறாதீர்கள். எஸ்டி கார்டின் ஓரத்தில் இருப்பது வெறும் பிளாஸ்டிக் துண்டு. அது நகர்ந்தது கார்டின் சிப்புக்கே தெரியாது; கார்டைச் செருகும் ரீடர் பார்த்துச் சொன்னால்தான் உண்டு. நிஜமான தடுப்பு டிஸ்கின் சர்க்யூட்டிலோ, தடயவியல்காரர்கள் டிஸ்குக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில் மாட்டும் ரைட் பிளாக்கர் என்ற கருவியிலோ இருக்கும். வாங்கியதும், டிஸ்கோடு வந்த எந்த மென்பொருளும் நிறுவாத வேறொரு கம்ப்யூட்டரில் செருகி, எழுதவிடாமல் பூட்டிய நிலையில் ஒரு ஃபைலை அழித்துப் பாருங்கள். அழிந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

சரி, பூட்டு நிஜமானதே என்று வையுங்கள். பேக்கப் எடுக்க அதைத் திறந்தாக வேண்டுமே? அந்த நேரத்தில் வைரஸும் எழுதும். மூடியிருக்கும்போது கிடைக்கும் பாதுகாப்பு, கேபிளைக் கழற்றி வைத்தாலே கிடைத்துவிடுகிறது, செலவில்லாமல். அதனால் உங்களுக்கு நான் சொல்வது: இரண்டு சாதாரண டிஸ்க், மாற்றி மாற்றி பேக்கப், வேலை முடிந்ததும் கழற்றிவிடுவது.

ஒரே ஒரு சமயத்தில் பூட்டு காசுக்குத் தகும்: பேக்கப்பிலிருந்து மீட்கும்போது. கம்ப்யூட்டரில் ரான்சம்வேர் வந்த பதற்றத்தில் பலர் கையிலிருக்கும் ஒரே நகலை அதே கம்ப்யூட்டரில் செருகுகிறார்கள், அதுவும் போய்விடுகிறது. கம்ப்யூட்டரை முழுதாக அழித்து விண்டோஸை மறுபடி நிறுவிய பிறகுதான் செருக வேண்டும். "சுத்தம் செய்துவிட்டோம்" என்று சர்வீஸ்காரர் சொன்னாலும், டிஸ்கைப் பூட்டிய பிறகே கொடுங்கள். மீட்பதற்குப் படித்தால் போதும், எழுத வேண்டியதே இல்லை. திருட்டுக்கு மட்டும் இது மருந்தல்ல. பூட்டிய டிஸ்கையும் தாராளமாக நகலெடுக்கலாம். அதற்கு என்கிரிப்ஷன், அதாவது கடவுச்சொல் இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றிவைப்பது, வேண்டும்.

மூன்றரை அங்குல ஃபிளாப்பியிலேயே ஒரு சின்னத் தாழ்ப்பாள் இருந்தது. இன்று டெராபைட் கணக்கில் விற்கும் பல நிறுவனங்கள் அதே சுவிட்சை வைக்க மனமில்லாமல், மென்பொருளை மட்டும் தலையில் கட்டுகின்றன. மாறவே மாறாத படங்களை ஒருமுறை மட்டும் எழுதக்கூடிய புளூ-ரே டிஸ்கிலும் ஒரு நகல் போட்டுவையுங்கள்; அதில் எழுதியதன் மேல் எந்த வைரஸாலும் திருப்பி எழுத முடியாது.